நிலத்தை விட்டெழாத விமானம்

ஆகாயத்திலே பறக்க விரும்புபவன் ஆகாயத்திலேதான் அதனைக் கற்றாக வேண்டுமா? நீரில் இறங்காமல் நீந்தப் பழக முடியாது என்பது நம்மவர் யாவரும் ஒப்பிய உண்மை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் முதுமொழியும் அதனையே வற்புறுத்தும். இதனை மறுத்து, நிலத்தோடு பிணிக்கப்பட்ட ஒரு மரப்பெட்டிக்குள் அமர்ந்தவாறே ஒருவன் விமானமோட்டப் பழகலாம் என்று கூறிய இளைஞனை உலகம் முதலில் விளையாட்டுப் பொருள் செய்பவன் என்றே மதித்தது. அம்மதிப்பிலும் முழுத்தவறு இல்லை. அவனுடைய பெட்டிகளைத் தொடக்கத்தில் விரும்பி வாங்கியோர் பெரும்பாலும் களியாட்டப் பூங்காக்களை நடத்தியவர்களே. ஆயினும் இன்று விமானியும், விண்வெளி வீரனும், கப்பற்றலைவனும், சத்திரசிகிச்சை வைத்தியனும் உண்மைத் தொழிலிற் கைவைக்குமுன் பாவனைக் கருவியிலே பயின்று வருகின்றனர். கண்ணிலே அணியும் கவசத்தினூடே இல்லாத உலகத்தை இருப்பதாகக் காட்டும் வித்தையும் வந்துவிட்டது. இவ்வழியை அகலத் திறந்துவிட்ட எட்வின் அல்பேட் லிங்க் என்பாரின் வாழ்க்கை, வெற்றியும் துயரும் ஒருங்கே விரவியது.

ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள ஹண்டிங்டன் என்னும் ஊரிலே 1904ஆம் ஆண்டு யூலை 26ஆம் திகதி லிங்க் பிறந்தார். 1910இல் குடும்பம் நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹாம்டன் நகரிற் குடியேறியது. முறிந்துபோன ஒரு தானியங்கி இசைக்கருவித் தொழிற்சாலையைத் தந்தையார் வாங்கி, லிங்க் பியானோ ஓர்கன் கம்பனி என்று பெயரிட்டு நடத்தினார். வாசிப்போன் இல்லாமலே தானாக இசைக்கும் பியானோக்களும், பேசாத் திரைப்படங்களுக்குப் பின்னணி இசை வழங்கும் பெரிய ஓர்கன்களும் அங்கே செய்யப்பட்டன. துளையிட்ட காகிதச் சுருள் ஒன்று நகர, ஒவ்வொரு துளையினூடும் காற்று உறிஞ்சப்பட, அதனால் ஒரு சிறு வால்வு திறந்து ஒரு துருத்தியை அசைக்க, அத்துருத்தி ஒரு சுரத்தை எழுப்பும். இதுவே அத்தொழிலின் அடிப்படை. இளைஞர் லிங்க் பல்கலைக்கழகப் படியை மிதித்தவரல்லர். தந்தையின் பட்டறையில் ஓர்கன்களைத் திருத்தியும் சுருதி கூட்டியும் பெற்ற கைப்பழக்கமே அவருக்குக் கல்வி. அவரைப் பற்றி எழுதுவோர் பலர் போரையே அவருடைய புகழுக்குக் காரணமாகக் கூறுவர். போர் அவருக்குச் சந்தையைத் தந்ததேயன்றி அறிவைத் தரவில்லை. அறிவு துருத்தியிலிருந்து வந்தது என்பதே என் கருத்து.

1920ஆம் ஆண்டு, பதினாறு வயதிலே, அவர் கலிபோர்னியாவில் முதன்முதலாகப் பறத்தற் பாடம் ஒன்று பெற்றார். நகைச்சுவை நடிகர் சார்ளி சப்ளினின் தமையனாராகிய சிட்னி சப்ளின் அக்காலத்தில் அங்கே ஒரு விமான நிறுவனம் நடத்தி வந்தார். பாடத்துக்குக் கட்டணம் ஐம்பது டொலர். அந்நாளில் அது பெருந்தொகை. விமானத்தை ஓட்டியவரோ ஆகாயத்திற் கரணமடித்தும், சுழன்று வீழ்ந்தும், தலைகீழாய்ப் பறந்தும் தம் திறமையைக் காட்டினாரேயன்றி, மாணவனைக் கட்டுப்பாட்டுத் தண்டைத் தொடவும் விடவில்லை. இறங்கிய சிறுவன் எதனைக் கற்றான்? ஒன்றுமில்லை. அக்காலத்துப் பயிற்சி பெரும்பாலும் இத்தகையதே. விமானமும் எரிபொருளும் விலையுயர்ந்தவை. மாணவன் ஒருகணம் தடுமாறினால் இருவர் உயிருக்கும் மோசம். ஆகவே ஆசிரியர்கள் தண்டை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பணத்தை இழந்த சிறுவனுக்கு ஒரு கேள்வி மட்டும் எஞ்சியது. தொடுவதற்கு அஞ்சவேண்டாத விமானம் ஒன்று இருக்கக்கூடாதா?

பின்னர் அவர் முறையாகப் பறக்கக் கற்று, செஸ்னா நிறுவனத்தார் விற்ற ஆரம்பகால விமானங்களுள் ஒன்றைத் தமதாக்கி, ஊர் ஊராகச் சென்று ஆட்களை ஏற்றிப் பறந்து பிழைத்தார். அதனிடையே, 1927 முதல் 1929 வரை, தந்தையின் தொழிற்சாலை நிலவறையில் ஒரு விசித்திர வடிவம் உருவாகிக்கொண்டிருந்தது. மொட்டைச் சிறகும் குட்டை உடலும் கொண்ட அம்மரவிமானம் ஒரு பீடத்தின் மீது, எத்திசையிலும் சாயத்தக்க மூட்டொன்றிலே பொருத்தப்பட்டிருந்தது. அதன் அடியில் ஓர்கனிலிருந்து எடுத்த துருத்திகள் நான்கு. மின்விசையால் இயங்கும் பம்பி ஒன்று காற்றை உறிஞ்சும். மாணவன் தண்டை முன்னே தள்ளினால் ஒரு துருத்தி சுருங்க மறுதுருத்தி விரிய, மூக்கு தாழும். பக்கமாகச் சாய்த்தால் உடலும் சாயும். காலால் மிதியை அழுத்தினால் பெட்டி முழுவதும் சுழன்று திரும்பும். பியானோவில் சுரத்தை எழுப்பிய அதே காற்று இங்கே விமானத்தின் அசைவை எழுப்பிற்று. 1929இல் அவர் இதற்கு உரிமைப்பத்திரம் கோரி விண்ணப்பித்தார். 1931இல் அது கிடைத்தது. விமான மாணவருக்கான பயிற்சிக் கருவி என்றும் களியாட்டச் சாதனம் என்றும் இரு பெயரும் அதில் ஒருங்கே காணப்பட்டமை கவனிக்கத்தக்கது. கண்டுபிடித்தவரே தம் பொருளை எங்கே விற்பது என்று தெளியாத காலம் அது.

விமானப் பள்ளிகள் அதனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பூங்காக்களிலோ சிறுவர் முதல் முதியோர் வரை நாணயம் இட்டு ஏறி, ஆடி, சிரித்து இறங்கினர். இதற்கிடையே பேசும் படம் வந்து திரையரங்கு ஓர்கனின் வாழ்வை முடித்தது. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் எஞ்சியதையும் விழுங்கிற்று. லிங்க் சொந்தமாக ஒரு பறத்தற் பள்ளி தொடங்கி, தம் பெட்டியிற் பயிற்றியபின் மாணவரை விமானத்தில் ஏற்றினார். எண்பத்தைந்து டொலருக்குத் தனியே பறக்கும் அளவு கற்பிப்பதாக விளம்பரமும் செய்தார். இரவிலே விமானத்தின் அடியில் மின்விளக்குகளால் விளம்பர எழுத்துகளை ஒளிரச்செய்து பறந்து வயிறு வளர்த்ததும் உண்டு. அவ்விளக்குகளை ஏற்றியணைத்ததும் பியானோவுக்குரிய துளையிட்ட சுருளே! 1931இல் மரியன் கிளேட்டன் என்னும் பத்திரிகையாளரை மணந்தார். அப்பெண்மணி கணவரின் கணக்குகளையும் கடிதங்களையும் ஏற்று நடத்தியதோடு, பிற்காலத்தில் அவருடைய கடற்பயணங்களை நூல்களாகவும் எழுதினார்.

இங்கே சற்று நின்று, அப்பெட்டி எதனைக் கற்பித்தது என்று நோக்குவோம். வானம் தெளிவாக இருக்கையில் விமானி அடிவானத்தைக் கண்டு விமானத்தை நேர்ப்படுத்துகிறான். மேகத்துள் நுழைந்தவுடன் அடிவானம் மறைகிறது. எஞ்சுவது உடலுணர்வு. ஆனால் அவ்வுணர்வு ஆகாயத்திற் பொய்சொல்லும். நமது உட்செவியிலுள்ள அரைவட்டக் கால்வாய்களின் நீர், திரும்பத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதுமே அசைவை அறிவிக்கும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் அசைவே இல்லையென்று சொல்லும். விமானம் ஒருபக்கம் சாய்ந்து வளைந்து வளைந்து கீழிறங்கும். விமானியோ நேராகப் பறப்பதாகவே உணர்வான். உயரம் குறைவதைக் கண்டு மூக்கை மேலே இழுப்பான். சாய்ந்த விமானம் அதனால் மேலெழாது, வளைவு இன்னும் இறுகும். இவ்வாறு மடிந்தோர் பலர். தன் உடல் சொல்வதை நம்பாது, முன்னாலுள்ள முள்ளும் எண்ணும் சொல்வதை நம்பவேண்டும். இதனை வாயினாற் சொல்லிக் கொடுத்தல் எளிது, பழக்கமாக்குதல் அரிது. லிங்கின் பெட்டியிலே ஒரு மூடி உண்டு. அதனை மூடியதும் மாணவன் இருளில், கருவிகளின் முன்னே தனித்திருப்பான். பெட்டி சுழலும், சாயும். அவன் ஏமாறுவான், விழுவான். ஆசிரியர் மூடியைத் திறந்து, மீண்டும் தொடங்கச் சொல்வார். ஆகாயத்தில் ஒரேமுறை செய்யக்கூடிய பிழையை இங்கே ஒரு மாலையில் பத்துமுறை செய்யலாம்.

இதன் அருமையை அமெரிக்க அரசாங்கம் உயிர்விலை கொடுத்தே அறிந்தது. 1934ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஜனாதிபதி றூஸ்வெல்ட், விமானத் தபாலைக் கொண்டுசென்ற தனியார் கம்பனிகளின் ஒப்பந்தங்களை முறைகேட்டுக் குற்றச்சாட்டின் பேரில் இரத்துச் செய்து, அப்பணியைத் தரைப்படையின் விமானப் பிரிவிடம் ஒப்படைத்தார். குளிர்காலம், பனியும் மூடுபனியும் நிறைந்த பாதைகள், இரவுப் பயணம். படைவிமானிகளுக்கோ கருவிகளை மட்டும் கொண்டு பறக்கும் பயிற்சி மிகச் சொற்பம். பணி தொடங்குமுன்னரே, வழி பழகச் சென்றவர்களுள் மூவர் மாண்டனர். சில வாரங்களிற் பன்னிருவருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது.

அவ்வேளை படையதிகாரிகள் சிலர் லிங்கின் கருவியைப் பற்றிப் பேச நியூவார்க் விமானத்தளத்தில் அவருக்காகக் காத்திருந்தனர். அன்று மூடுபனி அடர்ந்திருந்தது. இந்நிலையில் எவனும் வரமாட்டான் என்று அவர்கள் புறப்பட ஆயத்தமாகையில், பனிக்குள் இயந்திர ஒலி கேட்டது. சிறிது நேரத்தில் லிங்க் தம் விமானத்தை இறக்கி வந்து நின்றார். கருவிகளை நம்பியே அவ்வளவு தூரமும் வந்திருந்தார். அதற்குமேல் வாதம் வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டு யூன் மாதத்தில் ஒவ்வொன்றும் 3,500 டொலர் விலைக்கு ஆறு பெட்டிகள் வாங்கப்பட்டன. பூங்காவில் ஆடிய பெட்டி பாசறைக்குட் புகுந்தது.

அதன்பின் வளர்ச்சி விரைந்தது. 1935இல் யப்பானியக் கடற்படையும் வாங்கிற்று; பின்னர் பிரித்தானிய வான்படை வாங்கிற்று; கனடாவில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. சில ஆண்டுகளின்பின் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தவிருந்தவர்கள் ஒரே மனிதரின் பெட்டியிற் பறக்கப் பழகினர் என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பைக் காட்டிலும் கசப்பே மிகுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது நீலநிற உடலும் மஞ்சட் சிறகும் கொண்டிருந்த அது நீலப்பெட்டி என்றே வீரரிடையே வழங்கிற்று. ஆசிரியர் பக்கத்தில் ஒரு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருப்பார். மூன்று சிறு சக்கரங்களிலே ஓடும் மைபூசிய கருவி ஒன்று, நண்டைப் போல அவ்வரைபடத்தின்மீது ஊர்ந்து, பெட்டிக்குள் இருப்பவன் பறந்ததாக எண்ணிய பாதையைக் கோடாக வரையும். அதனை நண்டு என்றே அழைத்தனர். மாணவன் வெளியே வந்து, தான் நேராகச் சென்றதாக உறுதிகூறிய இடத்திலே நண்டு வரைந்த வளைகோட்டைக் கண்டு வாய்மூடி நிற்பான். ஆசிரியரின் கண்டிப்பைவிட அந்த மைக்கோடு வன்மையுடையது.

பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் செய்யப்பட்டன. நேசநாடுகளின் விமானிகள் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் அவற்றிற் பயின்றனர் என்பர். பிரித்தானியர் வேண்டியபோது, கடற்படை அதிகாரியும் வழிகாண் கலை வல்லுநருமாகிய வீம்ஸ் என்பவரோடு கூடி, லிங்க் இன்னொரு விந்தையைச் செய்தார். நாற்பத்தைந்து அடி உயரமுள்ள, தானியக் குதிர் போன்ற வட்டக் கட்டடம். அதனுச்சியிலே சிறு விளக்குகளால் அமைந்த நட்சத்திர வானம். அது காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப நகரும். கீழே நிலப்பரப்பின் தோற்றம் நகரும். நடுவே தொங்கும் அறையில் குண்டுவீச்சு விமானத்தின் குழுவினர் முழுவதும் அமர்ந்து, நட்சத்திரங்களை அளந்து, இரவிற் கடல் கடந்து செல்லும் நெடும்பயணத்தை ஓரடியும் நகராமற் செய்து முடிப்பர்.

இப்பெட்டி உண்மை விமானத்தை முற்றும் ஒத்ததா என்று கேட்டால், இல்லை. தொடக்ககாலப் பெட்டி குறித்த எந்த விமானத்தின் இயல்பையும் பின்பற்றவில்லை. அதன் அசைவுகளைக் குறைகூறிய விமானிகளும் இருந்தனர். ஆனால் பாவனைக்கு எல்லாவற்றிலும் ஒப்புமை வேண்டுவதில்லை. நடைவண்டி குழந்தையின் காலைப் போன்றதா? கற்கவேண்டிய ஒன்றில் ஒப்புமை இருந்தாற் போதும். கருவிகளை வாசித்துக் கை தானாக இயங்கும் பழக்கத்தையே இப்பெட்டி குறிவைத்தது; அதிலே அது மெய்யாக இருந்தது. போருக்குப்பின் மின்னணுக் கணிப்பு முறைகள் வந்தன. துருத்தி மறைந்து, ஒரு குறிப்பிட்ட விமானத்தின் எடை, வேகம், இயந்திர வலு யாவற்றையும் கணித்து நடிக்கும் கருவிகள் எழுந்தன. இன்று அனுபவமிக்க விமானி ஒருவன் புதிய வகை விமானத்துக்கு மாறும்போது, பாவனைக் கருவியிலேயே பயிற்சி முழுவதையும் முடித்து, அவ்விமானத்தை முதன்முறை ஓட்டும்போதே பயணிகளுடன் பறக்கச் சட்டம் இடந்தருகிறது. லிங்கின் நிறுவனம் 1954இல் வேறொரு பெருநிறுவனத்துடன் இணைந்தது. சந்திரனுக்குச் சென்ற அப்பொல்லோ வீரர் பயின்ற பாவனைக் கலங்கள் அப்பெயரின்கீழ் உருவானவையே.

லிங்க் அதற்குள் ஆகாயத்தைவிட்டுக் கடலுக்குள் இறங்கிவிட்டார். மூழ்கிய கப்பல்களைத் தேடும் ஆவல் 1950களில் அவரைப் பற்றியது. ‘சீ டைவர்’ என்னும் ஆய்வுக்கப்பலை அமைத்து, 1959இல் ஜமேக்காவின் போட் றோயல் துறையை ஆராய்ந்தார். அந்நகரின் பெரும்பகுதி 1692ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி பூகம்பத்தாற் கடலுள் ஆழ்ந்தது. அங்கே எடுக்கப்பட்ட பித்தளைச் சட்டைப்பைக் கடிகைப் பெட்டி ஒன்றின் மேலோட்டைக் கதிர்ப்படம் பிடித்தபோது, அரித்தழிந்த முட்கள் நின்ற இடம் புலப்பட்டது. நண்பகலுக்குப் பதினேழு நிமிடம் முன்! பின்பு, மனிதர் கடலடியிலே தங்கி வேலைசெய்ய முடியுமா என்னும் ஆராய்ச்சி. 1962இல் மத்தியதரைக் கடலில் வில்பிரான்ஷ் குடாவில், தாம் அமைத்த உலோக உருளையில் முதலில் தாமே இறங்கி அறுபது அடி ஆழத்தில் எட்டு மணிநேரம் இருந்தார். பின்னர் பெல்ஜியச் சுழியோடி றொபேட் ஸ்டெனுயி இருநூறு அடி ஆழத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்கினார். 1964இல் ஸ்டெனுயியும், அத்திலாந்திக்கைத் தனியே பறந்து கடந்த லிண்ட்பேர்க்கின் மகன் ஜோனும், பகாமஸ் தீவுகளருகே 432 அடி ஆழத்தில் இறப்பர்க் கூடாரமொன்றில் நாற்பத்தொன்பது மணிநேரம் ஈலியம் கலந்த காற்றைச் சுவாசித்து வாழ்ந்தனர். செல்வந்தர் சீவட் ஜோன்சனின் துணையுடன் 1971இல் ‘ஜோன்சன் சீ லிங்க்’ என்னும் சிறு நீர்மூழ்கிக் கலம் பணிக்கு வந்தது. முன்புறம் தெளிந்த பிளாத்திக்காலான கோளம். அதிலிருந்து கடலை நாற்புறமும் காணலாம். பின்புறம் அலுமினிய அறை. அதிலிருந்து சுழியோடிகள் கடலுள் இறங்கலாம்.

1973ஆம் ஆண்டு யூன் 17ஆம் திகதி காலை, புளோரிடாவின் கீ வெஸ்ட் அருகே, மீன்களுக்கு உறைவிடமாகும்பொருட்டு மூழ்கடிக்கப்பட்ட பழைய போர்க்கப்பலொன்றின் பக்கத்தில் இக்கலம் இறங்கிற்று. அங்கே வைத்த மீன்கூடு ஒன்றை எடுப்பதே நோக்கம். மிகச் சாதாரண வேலை. கலத்தில் நால்வர் இருந்தனர். பின்னறையில் அல்பேட் ஸ்டோவரும் லிங்கின் இளைய மகன் கிளேட்டனும். கிளேட்டனுக்கு வயது முப்பத்தொன்று. நீரோட்டம் கலத்தைச் சிதைகப்பலின் வடங்களுக்குள் தள்ள, அது சிக்கிக்கொண்டது. ஆழம் 360 அடி. மேலே ‘சீ டைவர்’ கப்பலில் லிங்க் இருந்தார்.

கடற்படை வந்தது. சுழியோடிகள் முயன்றனர், நீரோட்டம் அவர்களைத் தடுத்தது. கலத்துள் ஒட்சிசன் இருந்தது. குறை அதிலன்று. மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டை உறிஞ்சும் இரசாயனம் குளிரிலே செயலிழக்கும் தன்மையது. முன்கோளத்தின் பிளாத்திக்குச் சுவர் வெப்பத்தைக் காத்தது; பின்னறையின் அலுமினியமோ ஆழ்கடலின் குளிரை உடனே உள்ளே கடத்திற்று. வெப்பநாட்டுக் கோடைக்கேற்ற மெல்லுடையுடன் இருந்த அவ்விருவரும் குளிரால் நடுங்க, காற்று மெல்ல நஞ்சாயிற்று. முப்பது மணிநேரத்துக்கு மேல் ஆகி, மறுநாள் மாலை, வேறொரு கப்பல் கமராவின் உதவியோடு கொளுக்கியை இறக்கிக் கலத்தை இழுத்தெடுத்தது. முன்னே இருந்த இருவரும் பிழைத்தனர். பின்னே இருந்த இருவரும் பிழைக்கவில்லை.

விமானப் பயிற்சியில் விழுந்தவன் மூடியைத் திறந்து வெளியே வருவதற்கு வழிசெய்த தந்தைக்கு, மகன் அடைபட்ட அறையின் மூடியைத் திறக்க வழியில்லாமற் போயிற்று. அந்த முப்பது மணிநேரமும் அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை விரித்துரைக்க நான் துணியேன். செய்தது மட்டும் தெரியும். அவர் கடலை வெறுத்து ஒதுங்கவில்லை. கலத்தை உடைத்தெறியவும் சொல்லவில்லை. அப்போது வயது அறுபத்தெட்டு. அடுத்த ஆண்டுகளைச் சிக்கிய கலத்தை மீட்கும் கருவி ஒன்றை அமைப்பதிலே செலவிட்டார். ஆளில்லாமல், வடத்தின் நுனியில் இறங்கி, கமராவினாற் பார்த்து, கைகளால் கம்பிவடங்களை அறுத்து, மேலிருந்து இயக்கப்படும் கருவி அது. அன்று அத்தகைய ஒன்று கப்பலில் இருந்திருப்பின் நால்வரும் மேலே வந்திருக்கலாம்.

முதுமையில் லிங்க் மீண்டும் ஓர்கன்களிடம் திரும்பினார். தந்தையின் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட பழைய திரையரங்கு ஓர்கன் ஒன்று பிங்ஹாம்டன் நகரின் றொபேர்சன் நிலையத்தில் ஒலிக்க வழிசெய்தார். 1981ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி அந்நகரிலேயே காலமானார். அவர் பெயர் தாங்கிய நீர்மூழ்கிக் கலம் பின்னரும் நெடுங்காலம் உழைத்தது. 1986இல் ‘சலஞ்சர்’ விண்ணோடம் எழுவர் உயிரோடு வெடித்துச் சிதறியபோது, அதன் பாகங்களைக் கடலடியிலே தேடச் சென்ற கலங்களுள் அதுவும் ஒன்று.